வன்னிக்கு வந்த நோர்வேத் தூதுவர்

தூது என்பது தமிழர் நன்கறிந்த தொழில். வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அதற்கு உரைகண்ட பரிமேலழகர், நிலைமைக்கேற்பச் சொல்லைத் தாமே அமைத்துக் கூறுவோர், அரசன் கூறியதை மாறாது சென்று கூறுவோர் எனத் தூதரை இருவகைப்படுத்தினார். இவ்விருவரும் ஓர் அரசனால் விடுக்கப்பட்டோர். உள்நாட்டுப் போரொன்றிலே, பொருதும் இருதிறத்தார்க்கும் இடையே சென்றுவரும் பிறநாட்டுத் தூதரோ இவ்வகைகளுள் அடங்கார். அத்தகையோரின் அன்றாட வாழ்க்கை எத்தன்மையது என்பதை, வன்னி மண்ணிலே நிகழ்ந்த நோர்வேத் தூதினைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

தூதுவர் என்றதும் விருந்தும் வரவேற்பும் நம் நினைவிற்கு வருதல் இயல்பு. நோர்வே நாட்டார் இங்கு மேற்கொண்ட பணியோ பெரும்பாலும் பயணமும் எழுத்துமேயாம். 2000 ஆம் ஆண்டிலே அந்நாட்டின் சிறப்புத் தூதர் எரிக் சொல்ஹெய்ம் மல்லாவிக்கு வந்து விடுதலைப் புலிகளின் தலைவர் வேலுப்பிள்ளை பிரபாகரனைச் சந்தித்தார். அரசாங்கம் இருந்தது கொழும்பில்; புலிகளின் தலைமை இருந்தது வன்னியில்; அவர்தம் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம் வாழ்ந்தது இலண்டனில். ஆதலின், ஓரிடத்தில் ஏற்கப்பட்ட ஒரு வாக்கியம் ஏனைய இடங்களிலும் ஏற்கப்படல் வேண்டும். ஓரிடத்தில் ஒரு சொல் மாறின் மீண்டும் பயணம் தொடங்கும். 2002 பெப்புருவரி 22 ஆம் நாள் போர்நிறுத்த உடன்படிக்கை நிறைவேறியபொழுதும் இருதலைவரும் ஒரு மேசையில் அமர்ந்தாரல்லர். பிரதமர் ரணில் விக்கிரமசிங்க வவுனியாவிலே கையொப்பமிட்டார். பிரபாகரன் வன்னியிலே கையொப்பமிட்டார். இருவர்க்கும் இடைநின்றவர் கொழும்பிலிருந்த நோர்வேத் தூதுவர் ஜோன் வெஸ்ட்போர்க் ஆவார்.

அவ்வுடன்படிக்கை நான்கே பிரிவுகளைக் கொண்டது. அதனுள்ளே பெருந்தத்துவங்களைத் தேடுவார் ஏமாறுவர். வழிபாட்டிடங்களை 30 நாளுள் விட்டு நீங்குக, பாடசாலைக் கட்டடங்களை 160 நாளுள் விட்டு நீங்குக, கண்டி–யாழ்ப்பாண வீதியைத் திறந்துவிடுக என்பன போன்ற விதிகளே அங்குள. இச்சிறுவிதிகளே மக்களுக்குச் சமாதானமாயின. கண்டாவளைப் பிரிவிலடங்கிய பரந்தன் சந்தியிலே அவ்வீதியும் முல்லைத்தீவு செல்லும் வீதியும் கூடுகின்றன. 2002 ஏப்பிரிலில் முகமாலை வாயில் திறக்கப்பட்டபின், ஆண்டுக்கணக்கில் அடைபட்டிருந்த யாழ்ப்பாணப் பயணம் இச்சந்திவழியே மீண்டும் நடைபெறலாயிற்று.

கையொப்பத்தோடு தூதுவர்தம் பணி முடிந்ததன்று. மீறல்களை ஆராய நோர்வே, சுவீடன், பின்லாந்து, டென்மார்க், ஐசுலாந்து ஆகிய ஐந்து நாட்டார் கண்காணிப்புக் குழுவாக அமைந்தனர். கொழும்பில் அரசின் சமாதானச் செயலகத்திற்கும், 300 கிலோமீற்றருக்கு அப்பால் கிளிநொச்சியிலிருந்த புலிகளின் அரசியற்றுறைக்கும் இடையே தூதுவர் முறைப்பாடுகளையும் மறுமொழிகளையும் சுமந்து திரிந்தனர். நோர்வே ஒருதலைச் சார்புடையதெனக் கொழும்பிலே எதிர்ப்புக் கூட்டங்கள் நிகழ்ந்தன. கடற்கோளின்பின் நிவாரணத்தைப் பகிர்ந்து நடத்தும் பொதுக்கட்டமைப்பு, தூதுவர் ஹான்ஸ் பிராட்ஸ்கர் காலத்திலே, ஏறத்தாழ ஆறு திங்கள் முயற்சியின் பயனாக 2005 யூன் 24 இல் ஒப்பமாயிற்று. மூன்று வாரத்துள் உயர்நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளை இடைநிறுத்திற்று. சுமந்து சென்ற கடிதத்தைக் காக்கும் ஆற்றல் தூதுவரிடம் இல்லை என்பது இதனாற் பெறப்படும்.

2006 ஆகஸ்ட் 11 இல் முகமாலையிலே போர் மூண்டது, வாயில் அடைபட்டது. உடன்படிக்கையிலிருந்து விலக விரும்புவோர் நோர்வே அரசிற்கு 14 நாள் முன்னறிவித்தல் கொடுத்தல் வேண்டும் என்பது அதன் இறுதி விதிகளுள் ஒன்று. அவ்விதிப்படியே 2008 சனவரித் தொடக்கத்தில் அரசாங்கம் அறிவித்தல் கொடுத்தது. 16 ஆம் நாள் உடன்படிக்கை ஒழிந்தது. ஒப்பத்தைப் பெற்றுத் தந்தோரிடமே ஒழிவும் அறிவிக்கப்பட்டது. கண்காணிப்பாளர் தம் நாடு மீண்டனர். இவ்வூரார் மீளுதற்கு வேறு நாடு இல்லை. 2009 சனவரியிலே கிளிநொச்சியும் பின்னர் தருமபுரமும் படையினர் வசமாக, மக்கள் முல்லைத்தீவு வீதிவழியே கிழக்கு நோக்கிப் பெயர்ந்தனர்.

இத்தூது தோல்வியே என்பர் பலர். நோர்வே அரசின் சார்பிலே 2011 இல் வெளியான மதிப்பீட்டறிக்கையும், சமாதானத்தைப் பெற்றுத் தருவதில் அம்முயற்சி தோல்வியுற்றதென்றே கொண்டது. முடிவொன்றையே நோக்குவார்க்கு அது மறுத்தற்கரியது. ஆயின், முகமாலை வாயில் திறந்திருந்த காலம் நான்காண்டும் நான்கு திங்களுமாம். அக்காலத்திலே மகப்பேற்றிற்கும் மருத்துவத்திற்கும், கல்விக்கும் உறவுக்குமாக அவ்வாயிலைக் கடந்தோரை வரலாறெழுதுவோர் கணக்கிற் கொள்ளாதிருத்தல் தகாது. ஒரு தூதுவரின் அன்றாட உழைப்பை அளத்தற்குரிய கோல், அவர் பெற்ற ஒப்பங்களின் தொகையன்று. அவ்வுழைப்பால் வழி திறந்திருந்த நாள்களின் தொகையேயாம்.