வாசகர் தொடுத்த வழக்கு

காதற் கதைகளை விரும்பி வாசிப்போரைக் கற்றோருலகம் நெடுங்காலமாக ஏளனமாகவே நோக்கி வந்துள்ளது. அவர்கள் கனவுலகில் வாழ்பவர்கள், எளிதிற் கிடைக்கும் இன்பத்தை நாடுபவர்கள், கதை மணவிழாவில் முடிந்துவிட்டால் அதற்குமேல் எதையும் வேண்டாதவர்கள் என்பதே அவர்கள்மீது சாட்டப்படும் குற்றம். வாசகர் தாம் எதனை விரும்பினர், எதனை வெறுத்தனர் என்பதைத் தம் கையாலேயே எழுதிவைத்தல் அரிதாகலின், இக்குற்றச்சாட்டை ஆராய்வதற்குச் சான்றுகளும் அரியனவாயின. ஆயினும் பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்திலிருந்து அத்தகைய சான்று ஒன்று நிறைவாகவே கிடைத்திருக்கிறது. ஒரு நாவலாசிரியரும் அவருடைய வாசகரும் கதைமாந்தரைக் குறித்துப் பல்லாண்டுகள் வழக்காடிய கடிதங்களே அச்சான்று.

அந்த நாவலாசிரியர் சாமுவேல் றிச்சட்சன். 1689இல் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்து, அச்சுத்தொழில் பயின்று, இலண்டன் மாநகரில் சொந்த அச்சகம் நடத்தியவர். பெரிய கல்விப் பட்டங்கள் எவையும் அவருக்கில்லை. ஆனால் பதின்மூன்று வயதுச் சிறுவனாயிருந்தபோதே, எழுதத் தயங்கிய இளம்பெண்கள் தங்கள் காதலர்க்கு அனுப்பவேண்டிய விடைக் கடிதங்களை அவரைக்கொண்டு எழுதுவித்தார்கள். வாயால் மறுத்துக்கொண்டே மனத்தால் இசையும் பெண்ணுள்ளத்தின் நுட்பத்தை அவர் அங்கே கற்றார். ஐம்பது வயதில், பதிப்பாளர் இருவர் எளிய மக்களுக்குப் பயன்படும் மாதிரிக் கடிதத் தொகுப்பொன்றை எழுதித்தருமாறு கேட்டனர். எசமானனின் தீய எண்ணத்துக்கு ஆளாகும் பணிப்பெண்ணுக்கு அவள் தந்தை எழுதும் புத்திமதிக் கடிதமும் அதில் இடம்பெற்றது. அந்த ஒரு கடிதத்தின் பொருள் அவரை விடாது பற்றிக்கொள்ள, தொகுப்பை ஒருபுறம் வைத்துவிட்டு இரண்டே மாதங்களில் ஒரு நாவலை எழுதி முடித்தார். அதுவே 1740ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் வெளிவந்த 'பமேலா'.

பமேலா பதினைந்து வயதுப் பணிப்பெண். அவளுடைய இளம் எசமானன் அவளை வயப்படுத்த முயல்கிறான். இயலாமற்போகத் தொலைவிலுள்ள ஒரு மாளிகையிற் சிறைவைக்கிறான். அவளிடம் எஞ்சியிருப்பவை தாளும் மையுமே. நிகழ்ந்தவற்றையெல்லாம் பெற்றோர்க்கு எழுதி, அத்தாள்களைத் தன் ஆடைக்குள் வைத்துத் தைத்து மறைக்கிறாள். எசமானன் அவற்றைக் கைப்பற்றி வாசிக்கிறான். அவள் மனமுடைந்து குளத்தில் வீழ்ந்து இறக்க எண்ணிய இரவைப் பற்றிய பகுதியை அக்குளத்தின் கரையிலேயே நின்று வாசிக்கும்போது அவன் நெஞ்சு இளகுகிறது. பின்னர் அவளையே மணந்துகொள்கிறான். 

நூல் ஓராண்டுக்குள் ஐந்து பதிப்புகள் கண்டது. அதன் காட்சிகள் மகளிர் கைவிசிறிகளிலே தீட்டப்பட்டன. சிலோ என்னும் ஊரிற் கொல்லர் ஒருவர் உரக்க வாசிக்கக் கேட்டுவந்த மக்கள், பமேலாவின் திருமணச் செய்தி வந்ததும் கோயில் மணியை அடித்து மகிழ்ந்தனர் என்று ஒரு கதை வழங்குகிறது. அது மெய்யாயினும் ஆகுக, பொய்யாயினும் ஆகுக. ஹென்றி பீல்டிங் போன்ற எழுத்தாளர்களோ, பமேலாவின் கற்பு பணக்காரக் கணவனைப் பிடிப்பதற்கான தூண்டிலே என்று நையாண்டி செய்தனர்.

இந்நையாண்டியிற் சிறிது உண்மையுண்டு. ஆனால் பீல்டிங் கவனியாத ஒன்றும் உண்டு. மணியடித்த மக்களை மகிழ்வித்தது செல்வன் ஒருவன் ஏழையை மணந்தான் என்பது மட்டுமா? அவனை மாற்றியது அவளுடைய அழகன்று. அழகைக் கண்டு அவன் செய்தவை கொடுமைகளே. அவனை மாற்றியது அவள் எழுத்து. அதிகாரம் உடையவன், அஃதில்லாதவளின் சொல்லை அமர்ந்து வாசிக்கும் நிலைக்கு வந்துவிடுகிறான். வாசித்தபின் பழைய மனிதனாக அவனால் இருக்க முடியவில்லை. காதற் கதை தரும் இன்பத்தின் உயிர்நிலை இதுவே எனலாம்.

அக்காலத்துச் சட்டத்தை அறிந்தார்க்கு இதன் பொருள் விளங்கும். இங்கிலாந்தில் அன்று மணமான பெண்ணுக்குச் சட்டத்தின்முன் தனியுருவம் இல்லை. அவளுடைய அசையும் பொருள்கள் கணவனுக்கு உரியவாயின; அவள் நிலத்தின் வருவாயும் அவன் கையிற் சேர்ந்தது. மணவிலக்குப் பெறப் பாராளுமன்றம் தனிச்சட்டம் இயற்றவேண்டும். 1870இலும் 1882இலும் இயற்றப்பட்ட சட்டங்களே பெண்ணின் சொத்துரிமையைச் சீர்செய்தன. இத்தகைய நாட்டில், கணவனாக வருபவன் தன் சொல்லைக் கேட்பவனா, கேளாதவனா என்பது ஒரு பெண்ணின் வாழ்நாள் முழுவதையும் முடிவுசெய்யும் வினா. அவ்வினாவுக்குக் கதையிலாவது நல்ல விடை தேடியவர்களைக் கனவு காண்பவர்கள் என்று தள்ளிவிடுதல் நீதியாகாது.

றிச்சட்சனின் அடுத்த நாவலாகிய 'கிளாரிசா' இதே வினாவைக் கொடிய முறையில் எழுப்பியது. 1747 டிசம்பருக்கும் 1748 டிசம்பருக்கும் இடையே ஏழு பாகங்களாக அது வெளிவந்தது. ஏறத்தாழப் பத்து இலட்சம் சொற்கள்; யாவும் கடிதங்கள். கிளாரிசாவுக்குப் பாட்டனார் நிலம் எழுதிவைக்கிறார். அதனாற் பொறாமை கொண்ட குடும்பத்தார் அவள் வெறுக்கும் ஒருவனை மணக்கும்படி நெருக்குகின்றனர். லவ்லேஸ் என்னும் நாவன்மையும் அழகும் வாய்ந்த தூர்த்தன் அவளைச் சூழ்ச்சியால் வீட்டைவிட்டு வெளியேற்றி, இலண்டனில் இழிந்த மனையொன்றில் வைத்து, மயக்கமருந்தூட்டிப் பலவந்தம் செய்கிறான். பின்னர் அவன் மணக்க முன்வந்தபோதும் அவள் இசையாது மறுத்து, மெலிந்து மடிகிறாள்.

லவ்லேசும் கடிதங்களை வாசிப்பவனே. கிளாரிசாவுக்கு அவள் தோழி எழுதிய கடிதத்தைக் கவர்ந்து, தான் பழிவாங்கவேண்டிய இடங்களில் விரல்சுட்டும் கைக்குறிகளை ஓரத்திற் பொறிக்கிறான். அச்சகத்தாராகிய ஆசிரியர் அக்கைக்குறிகளைப் பக்கத்தின் ஓரத்தில் வரிசையாக அச்சிட்டும் காட்டினார். முன்னைய நாவலின் எசமானன் வாசித்து இளகினான். இவன் வாசித்துச் சூழ்ச்சியைக் கூர்மைப்படுத்துகிறான். வாசகர்களால் இதனைப் பொறுக்க முடியவில்லை.

பாகங்கள் இடைவெளிவிட்டு வெளிவந்தமையால் வழக்காட அவர்களுக்கு நேரமும் கிடைத்தது. நூல் அச்சேறுமுன்பே முடிவைக் கேள்வியுற்ற முதுபெரும் நடிகரும் அரசவைக் கவிஞருமாகிய கொலி சிபர், எழுபது வயதைக் கடந்தவர், சினமும் துயரமும் கொண்டு கொதித்தார். 1748 ஒக்டோபரில், முதல் நான்கு பாகங்களை வாசித்திருந்த பெண்ணொருத்தி 'பெல்போர்' என்னும் புனைபெயரில் ஆசிரியருக்கு எழுதினாள். கிளாரிசா இறப்பாள் என்ற வதந்தி மெய்யா? மெய்யாயின் அதனை மாற்றவேண்டும். லவ்லேசைத் திருத்தி அவளை வாழவைக்கவேண்டும். மறுத்தால் இளமையும் அழகும் உடையார் அனைவரின் வெறுப்பும் ஆசிரியரைச் சேர்வதாக என்று விளையாட்டாகச் சாபமும் இட்டாள். விடையைச் செய்தித்தாளொன்றில் வெளியிடும்படியும் கேட்டாள்.

அவர் இலங்கஷயர்ச் சீமையைச் சேர்ந்த பிராட்ஷா சீமாட்டி. நாற்பது வயதைக் கடந்தவர், மணமாகி நல்வாழ்வு வாழ்ந்தவர். றிச்சட்சன் மசியவில்லை, ஆயினும் அலுக்காமல் நீண்ட விடைகள் எழுதினார். இறுதிப் பாகங்கள் வந்தபோது சீமாட்டி வாசிப்பதும், நூலைக் கீழே எறிவதும், அழுவதும், கண்ணீரைத் துடைத்துக்கொண்டு மீண்டும் எடுப்பதுமாக நாள்களைக் கழித்தார். கணவர் வாசிப்பை நிறுத்தும்படி வேண்டியும் பயனில்லை. 1750இல் இலண்டனுக்கு வந்தவர், ஆசிரியர் கடிதத்தில் எழுதியிருந்த தம் உருவ வருணனையைக் கொண்டு, பூங்காவில் உலாவிய அந்தக் குட்டையான, பருத்த மனிதரைத் தொலைவில் நின்று அடையாளங் கண்டு, ஒன்றும் பேசாமலே திரும்பினார். பின்னர் நட்பு வெளிப்படையாயிற்று. வீட்டில் மாட்டிய அவருடைய ஓவியத்திற் பெயரை மட்டும் சிறிது மாற்றிவைத்திருந்தார், விருந்தினர் நகையாடாதிருக்கும்பொருட்டு. காதற் கதையை விரும்புவோர் அதனை மறைத்துக்கொள்ளும் வழக்கம் இன்று நேற்று வந்ததன்று போலும்.

தம் வாசகியர் பலர் லவ்லேசை விரும்பியது றிச்சட்சனைத் திடுக்குறச் செய்தது. திருந்திய தூர்த்தனே சிறந்த கணவன் என்னும் கருத்தை ஒழிக்கவே அவர் கிளாரிசாவை எழுதினார். எனவே 1749ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பிலும், 1751ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பிலும் அடிக்குறிப்புகளைச் சேர்த்தும், புதுப் பகுதிகளை இணைத்தும் லவ்லேசின் கருமையை மிகுவித்தார். ஆனால் திருந்திய தூர்த்தனை மணமகனாக்கி நாடெங்கும் மணியடிக்க வைத்தவரும் அவரேயன்றோ? எட்டாண்டுகளுக்குமுன் தாம் விதைத்ததை வாசகர் அறுவடை செய்ய வந்தபோது, கதிரைக் குறைகூறுவது எளிதன்று.

மேலும், வாசகர் தூர்த்தனைத் தூர்த்தனாகவே விரும்பினர் என்று கொள்வது மேலோட்டமான கணிப்பு. அவர்கள் மயங்கியது அவனுடைய கூர்மதியிலும், கிளாரிசாவின் அருமையை உணரும் ஆற்றல் அவனிடம் இருந்ததிலும். குடும்பத்தார் தேர்ந்த மணமகனுக்கு அவளுடைய நிலம் மட்டுமே தெரிந்தது. லவ்லேசுக்கோ அவள் தெரிந்தாள். தெரிந்தும் கெடுத்தான் என்பதே துயரத்தின் உச்சம். 'பமேலா'வை எள்ளிய அதே பீல்டிங், 1748 ஒக்டோபரில் ஐந்தாம் பாகத்தை முற்கூட்டியே வாசித்துவிட்டு, நெஞ்சுருகி றிச்சட்சனுக்குப் பாராட்டுக் கடிதம் எழுதினார்.

நல்லவன் ஒருவனையும் படைத்துக் காட்டுமாறு வாசகியர் கேட்டதற்கு இணங்கி 1753, 1754ஆம் ஆண்டுகளில் 'சேர் சார்ள்ஸ் கிரான்டிசன்' வெளிவந்தது. எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்போதே அதனை ஆசிரியர் தம் தோட்டத்து மண்டபத்தில் நண்பர்க்கு வாசித்துக் காட்டினார். 1751இல் அக்காட்சியைச் சுசானா ஹைமோர் என்னும் இளம்பெண் சித்திரமாகவும் தீட்டிவைத்தாள். கிரான்டிசன் குற்றமற்றவன், தொடக்கத்திலிருந்தே பெண்களின் சொல்லுக்குச் செவிசாய்ப்பவன். ஆங்கில நங்கை ஒருத்தியும் இத்தாலிய நங்கை ஒருத்தியுமாக இரு பெண்கள் அவனை விரும்ப, எவளை மணக்கவேண்டும் என்பதில் வாசகர் இரு கட்சியாயினர். ஜேன் ஒஸ்ரின் அம்மையார் இந்நூலை நுணுக்கமாக அறிந்து போற்றினார். எனினும், கிளாரிசாவுக்காக அழுததுபோல் இதற்காக ஒருவரும் அழவில்லை. முன்னமே கேட்பவனாயிருப்பவனைக் கேட்கச் செய்யவேண்டிய தேவை எழவில்லை. ஆகவே, காத்திருக்கும் கலக்கமும் அது தீரும்போது உண்டாகும் களிப்பும் வாசகருக்குக் கிட்டவில்லை. கதையை மட்டும் நாடி றிச்சட்சனை வாசிப்பவர் பொறுமையிழந்து தூக்கிட்டுக்கொள்ள நேரும், உணர்ச்சிக்காகவே அவரை வாசிக்கவேண்டும் என்ற கருத்தை அறிஞர் ஜோன்சன் வெளியிட்டிருக்கிறார். வேகமின்மைக்குக் கூறிய அச்சமாதானம் 'கிரான்டிசன்' விடயத்தில் முழுதும் செல்லுபடியாகாது.

பிராட்ஷா சீமாட்டியின் சகோதரியாகிய எக்லின் சீமாட்டி வாதத்தோடு நில்லாது, 'கிளாரிசா'வுக்குத் தாமே வேறொரு முடிவை எழுதினார். அது 1982இலேதான் அச்சேறிற்று. அம்முடிவில் மணவிழா இல்லை. கிளாரிசா அதிலும் இறக்கிறாள், லவ்லேசும் இறக்கிறான். ஆனால் பலவந்தம் நிகழவில்லை. லவ்லேஸ் மனந்திருந்தி, தான் செய்தவற்றை உணர்ந்தபின்னரே சாகிறான். கதாநாயகியின் உயிரையும் விட்டுக்கொடுத்த இவ்வாசகி, அவன் உணரவேண்டும் என்ற ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

பிராட்ஷா சீமாட்டி வைத்திருந்த 'கிளாரிசா'ப் பிரதி இன்று அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. லவ்லேஸ் கைக்குறி இட்டதுபோல் அவரும் பக்க ஓரங்களில் எழுதியிருக்கிறார்: ஒப்புதல், மறுப்பு, கண்டனம், தமக்கு விருப்பமான வேறொரு முடிவு. 1761இல் மறைந்த றிச்சட்சன், அப்பிரதியைக் கேட்டு வாங்கி, அவர் எழுதியவற்றை ஒவ்வொன்றாக வாசித்து, பலவற்றின் அருகே தம் கையால் விடை எழுதி அனுப்பினார்.