தறிவீட்டில் தந்தையின் ஆணை

பிள்ளை எந்தத் தொழிலைக் கற்க வேண்டும், எத்தனை ஆண்டுகள் பள்ளிக்குச் செல்ல வேண்டும் என்பதை முடிவு செய்யும் உரிமை பெற்றோருக்கே உரியது என்றும், அதில் அரசு தலையிடுவது குடும்பத்தின் கட்டுக்கோப்பைக் குலைக்கும் என்றும் மரபு பேணுவோர் நெடுங்காலமாக வாதிட்டு வந்துள்ளனர். தமிழகத்தில் இந்த வாதம் சட்டமன்ற உரைகளில் மட்டும் வாழ்ந்ததன்று. வீடே பட்டறையாகவும் தந்தையே ஆசானாகவும் பிள்ளையே முதல் உதவியாளாகவும் இருந்த நெசவூர்களில் அது அன்றாட நடைமுறையாக இருந்தது. அத்தகைய ஊர்களுள் ஒன்றான ஆரணியின் பட்டுத் தறிகளை முன்வைத்து நோக்கும்போது, பெற்றோர் அதிகாரம் பற்றிய விவாதத்தில் ஒரு பக்கம் தொடர்ந்து பேசப்படாமலே போயிருப்பது புலப்படுகிறது. தறியும் நூலும் வீட்டுக்குச் சொந்தமாக இருந்த இடத்தில் தந்தையின் ஆணை தந்தையுடையதாக இருந்தது. அவை பிறருக்குச் சொந்தமான இடத்தில், ஆணை அவர் வாயிலிருந்து வந்தாலும், அதன் பெரும்பகுதி முன்பணம் கொடுத்தவருடையதாக இருந்தது.

கமண்டல நாகநதியின் கரையில் அமைந்த ஆரணி, ஒரு மராத்தியக் குடும்பத்துக்கு வழங்கப்பட்ட ஜாகீரின், அதாவது வரி வசூலிக்கும் உரிமையோடு கொடுக்கப்பட்ட நிலப்பகுதியின், தலைமையிடமாக நீண்டகாலம் விளங்கியது. பிரிட்டிஷ் ஆட்சியில் வட ஆர்க்காடு மாவட்டத்துக்கு உட்பட்டிருந்த இவ்வூர் 1989 முதல் திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்ததாகும். நகரத்திலும், தேவிகாபுரம், ஒண்ணுபுரம், முள்ளிப்பட்டு போன்ற சுற்றுப்புற ஊர்களிலும் பட்டு நெசவு பரவியுள்ளது. செங்குந்தரும், சௌராஷ்டிர மொழி பேசும் பட்டுநூல்காரரும் இத்தொழிலில் பல தலைமுறைகளாக ஈடுபட்டு வந்துள்ளனர். ஆரணிப் பட்டு இன்று புவிசார் குறியீடு பெற்ற பொருள் என்றாலும், அதை ஆக்கிய உழைப்பின் பெரும்பகுதி எந்தப் பதிவேட்டிலும் ஏறாத குடும்ப உழைப்பே ஆகும்.

அந்த உழைப்பின் அமைப்பை அறியாமல் பெற்றோர் அதிகாரத்தின் தன்மையை அறிய இயலாது. தரையில் தோண்டிய குழியில் கால்களை இறக்கி மிதிகளை இயக்கும் குழித்தறி, வீட்டின் கூடத்திலேயே இடம்பெற்றிருந்தது; சமையலும் உறக்கமும் அதைச் சுற்றி எஞ்சிய இடத்தில் நடந்தன. நெடுக்கு இழைகளாகிய பாவை நீட்டி ஆயத்தம் செய்வதும், முடிந்த பாவின் முனைகளோடு புதிய பாவின் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கி இணைப்பதும், குறுக்கு இழையாகிய ஊடையை, தறியில் அதைக் குறுக்கே கொண்டுசெல்லும் நாடாவுக்குள் வைக்கும் சிறு குச்சியில் இராட்டை கொண்டு சுற்றும் தார் சுற்றுதலும் வீட்டார் அனைவரும் பகிர்ந்து கொண்ட வேலைகள். இவற்றுள் தார் சுற்றுதலே பெரும்பாலும் பிள்ளைகளுக்கு முதலில் கொடுக்கப்பட்டது. கோர்வைச் சேலையில், அதாவது உடலும் கரையும் வெவ்வேறு நிறங்களில் அமைந்து இழைக்கு இழை பூட்டப்படும் சேலையில், தறியில் அமர்ந்தவருக்கு எட்டாத பக்கத்துக் கரைக்கு இன்னொருவர் நின்று நாடா தள்ள வேண்டியிருந்தது. அந்த இன்னொருவர் சிறுவனாகவோ சிறுமியாகவோ இருந்தால் கூலி மிச்சமாயிற்று. பட்டு நூலின் இழுவிசையை விரல் நுனியால் அறியும் பயிற்சியும் அங்கேயே, கற்பிக்கப்படுகிறோம் என்ற உணர்வே இல்லாமல், கைவந்தது. மரபு பேணுவோர் போற்றும் தொழிற்கல்வி இதுவே. அதில் மெய்யான நுட்பமும் அறிவும் இருந்தன என்பதை அதன் எதிர்ப்பாளர்கள் எளிதில் ஒப்புக்கொள்வதில்லை.

ஆனால் கூடத்தில் நின்ற தறிக்குத் தேவையான பட்டு நூல் கர்நாடகத்திலிருந்தும் சரிகை சூரத்திலிருந்தும் வந்தன. அவற்றை வாங்கும் முதல் பெரும்பாலான நெசவாளரிடம் இல்லை. எனவே பாவையும் ஊடையையும் சரிகையையும் கொடுத்து, நெய்த சேலையைப் பெற்றுக்கொண்டு கூலி தரும் முதலாளிகளைச் சார்ந்தே தறிகள் ஓடின. பின்னாளில் கூட்டுறவுச் சங்கங்கள் இப்பிடியை ஓரளவு தளர்த்தினவே தவிர அகற்றவில்லை. திருமணத்துக்கோ மருத்துவத்துக்கோ வாங்கிய முன்பணம் கூலியில் கழிந்து தீராமல் நிலுவையாக நின்றபோது, அந்நிலுவை உள்ளவரை வேறு முதலாளியிடம் செல்ல முடியாது என்ற கட்டுப்பாடும் உடன் வந்தது. அத்தகைய வீட்டில் பத்து வயதுப் பிள்ளையைத் தறியருகே நிறுத்திய தந்தை, குலத்தொழிலைக் கற்பிக்கும் ஆசானாக இருந்த அதே வேளையில், தம் கடனுக்கு இன்னொரு சோடிக் கைகளைச் சேர்க்கும் கடனாளியாகவும் இருந்தார்.

சமயச் சட்ட மரபும் இதற்குத் துணை நின்றது. தந்தை நெறிதவறிய நோக்கத்துக்காக வாங்காத கடனைத் தீர்ப்பது மகனின் அறக்கடமை என்ற இந்துச் சட்டக் கோட்பாட்டை நீதிமன்றங்கள் காலனிய ஆட்சி முழுவதும் ஏற்று நடத்தின. இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு 2005ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட திருத்தமே, அறக்கடமை என்ற காரணம் ஒன்றைக் கொண்டு மகன், பேரன், கொள்ளுப்பேரன் ஆகியோர்மீது கடன் கோரி நடவடிக்கை எடுக்கும் உரிமையை, அதற்குப் பின் ஏற்படும் கடன்களைப் பொறுத்தவரை, நீக்கியது. அத்திருத்தம் மகள்களின் சொத்துரிமைக்காகவே பெரிதும் நினைவுகூரப்படுகிறது. கடனைப் பற்றிய இப்பிரிவு நெசவூர் வரலாற்றில் அதற்குச் சற்றும் குறையாத கவனத்துக்கு உரியது.

பிள்ளைகளின் உழைப்பை அடகு வைப்பதில் அரசின் தலையீடு 1930களில் தொடங்குகிறது. விட்லி தலைமையில் 1929இல் அமைக்கப்பட்ட அரச தொழிலாளர் ஆணையம், 1931இல் அளித்த அறிக்கையில், முன்பணம் பெற்றுக்கொண்டு பெற்றோர் தம் பிள்ளைகளின் உழைப்பை அடகு வைக்கும் வழக்கம் அமிர்தசரசிலும் அகமதாபாத்திலும் மட்டுமன்றிச் சென்னையிலும் திண்டுக்கல்லிலும் நிலவியதைச் சுட்டிக்காட்டியது. அதன் விளைவாக வந்த 1933ஆம் ஆண்டுச் சட்டம், 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என அறிவித்து, பெற்றோருக்கு 50 ரூபாய் வரையும், அத்தகைய பிள்ளையை அறிந்தே வேலைக்கு வைப்பவருக்கு 200 ரூபாய் வரையும் தண்டம் விதித்தது. தந்தையின் ஆணைக்கு எல்லை வகுத்த இச்சட்டம், அந்த ஆணை விற்பனைக்கு உரியதாக ஏற்கனவே மாறிவிட்டிருந்தது என்பதற்கான அரசின் ஒப்புதலும் ஆகும். எனினும் 1938இல் வந்த சிறுவர் வேலைவாய்ப்புச் சட்டம், துணி நெசவையும் சாயமிடுதலையும் சிறுவருக்குத் தடை செய்யப்பட்ட வேலைகளின் பட்டியலில் சேர்த்துவிட்டு, கூலியாள் எவரும் இன்றித் தம் குடும்பத்தாரின் உதவியோடு மட்டும் ஒருவர் நடத்தும் பட்டறையை அதிலிருந்து விலக்கியது. நெசவூர்களில் பெரும்பாலான தறிகள் இந்த விலக்குக்குள் அடங்கின.

இவ்விலக்கு இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற லியோன் நகரைக் கொண்ட பிரான்சில், 1841ஆம் ஆண்டுச் சட்டம் இயந்திர விசையோ அணையாத உலைநெருப்போ கொண்ட ஆலைகளையும் 20 பேருக்கு மேல் வேலை செய்த பட்டறைகளையும் மட்டுமே கட்டுப்படுத்தியது. 1892ஆம் ஆண்டுச் சட்டமோ தந்தை, தாய், காப்பாளர் ஆகியோரின் அதிகாரத்தின்கீழ்க் குடும்பத்தார் மட்டும் உழைக்கும் இடங்களை வெளிப்படையாகவே விலக்கி வைத்தது. அங்கும் வீட்டு வாசலில் சட்டம் நின்றுவிட்டது. நூல் கொடுத்த வணிகரின் கணக்கு மட்டும் வாசலைத் தாண்டிச் சென்றது.

தமிழகத்தில் இவ்விவாதம் உச்சம் அடைந்த ஆண்டு 1953. முதலமைச்சர் இராஜாஜி அவ்வாண்டு அறிமுகப்படுத்திய திருத்தப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம், நகராட்சி அல்லாத பகுதிகளின் தொடக்கப் பள்ளிகளில் மாணவரை இரு பிரிவாக்கி, ஒவ்வொரு பிரிவுக்கும் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் வகுப்பு நடத்தவும், எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கவும் வகை செய்தது. அதே கட்டடத்தையும் அதே ஆசிரியரையும் கொண்டு இருமடங்கு பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்பதும், கைத்தொழில் அறிவு அழியாமல் காக்கப்படும் என்பதும், பிள்ளை குடும்பத்திலிருந்து அந்நியப்படாமல் வளரும் என்பதும் அதற்குச் சொல்லப்பட்ட நியாயங்கள். இவை வெற்றுச் சொற்கள் அல்ல. 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலையே மையமாகக் கொண்டது. ஆனால் அங்கே தொழில் பள்ளிக்குள் வந்தது, எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக வந்தது. இராஜாஜியின் திட்டத்தில் பிள்ளை பள்ளியிலிருந்து தன் வீட்டுத் தொழிலுக்கு அனுப்பப்பட்டது. வீட்டுத் தொழில் என்பது இந்தியாவில் சாதியால் வகுக்கப்பட்டது. பெரியாரின் திராவிடர் கழகமும், அண்ணாவின் தலைமையிலான திராவிட முன்னேற்றக் கழகமும் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டு எதிர்த்தன. காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு வலுத்தது. 1953 ஜூலையில் சட்டமன்றத்தில் திட்டத்தைக் கைவிடக் கோரிய தீர்மானம் 138க்கு 138 என்று சமநிலையில் நின்று, அவைத்தலைவரின் வாக்கால் தோற்றது. திட்டத்தை நிறுத்தி வைத்து நிபுணர் குழுவுக்கு அனுப்பும் தீர்மானம் நிறைவேறியது. பருலேகர் தலைமையில் குழு அமைந்தது. 1954 ஏப்ரலில் இராஜாஜி விலகிக் காமராசர் பொறுப்பேற்றபின், கல்வியமைச்சர் சி. சுப்பிரமணியம் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார்.

நெசவாளர் கோணத்திலிருந்து இந்நிகழ்வைப் பார்ப்பவர் ஒன்றைக் காணாமல் இருக்க முடியாது. அதே காலத்தில், பெரிதும் பருத்தித் தறிகளைத் தாக்கிய கைத்தறி நெருக்கடியில், வேட்டியையும் சேலையையும் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று மத்திய அரசிடம் உறுதியாக வாதாடியவர் இராஜாஜி. காஞ்சிபுரத்தின் நெசவுச் சமூகத்தில் பிறந்த அண்ணாவும் அவர் கட்சியினரும் கைத்தறித் துணியைத் தெருத்தெருவாகச் சுமந்து விற்றனர். நெசவாளியைக் காக்க வேண்டும் என்பதில் இரு தரப்பும் ஒன்றுபட்டன. நெசவாளியின் பிள்ளை நெசவாளியாகத்தான் வேண்டுமா என்பதிலேயே பிரிந்தன. இராஜாஜியின் பிழை, தொழிலின் மதிப்பை உயர்வாக எண்ணியதில் இல்லை. எல்லாத் தந்தையரும் தம் வீட்டில் தாமே அதிகாரம் செலுத்துகின்றனர் என்று அவர் கொண்ட அனுமானத்திலேயே அது இருந்தது. கடன்பட்ட தறிவீட்டுக்குப் பிள்ளையை நண்பகலில் திருப்பி அனுப்பினால், அவனை எதிர்பார்த்துக் காத்திருப்பது கற்பித்தல் அன்று, தார் சுற்றும் இராட்டையே என்பதை அத்திட்டம் கணக்கில் கொள்ளவில்லை.

திட்டம் போனது, விலக்கு நிலைத்தது. 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் முன்னோர் வாங்கிய முன்பணத்துக்காக வழித்தோன்றல்கள் உழைப்பதையும் கொத்தடிமையாகவே வரையறுத்த பின்னரும், 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் குடும்ப உதவியோடு நடக்கும் பட்டறைகளை முன்போலவே விட்டுவைத்தது. மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2003இல் இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைப்பட்ட சிறுவர்களைப் பற்றி வெளியிட்ட அறிக்கை, காஞ்சிபுரத்தையும் தன் ஆய்வுக் களங்களுள் ஒன்றாகக் கொண்டிருந்தது. அடுத்துவந்த ஆண்டுகளில் இந்திய, அமெரிக்க அரசுகளின் நிதியோடு நடந்த இண்டஸ் குழந்தைத் தொழிலாளர் ஒழிப்புத் திட்டம் தமிழகத்தில் தேர்ந்த மாவட்டங்களுள் திருவண்ணாமலையும் ஒன்று.

2016ஆம் ஆண்டுத் திருத்தம் 14 வயதுக்கு உட்பட்டோரை எந்தத் தொழிலிலும் அமர்த்துவதைத் தடை செய்தாலும், பள்ளி நேரத்துக்குப் பின்னும் விடுமுறையிலும் குடும்பத்துக்கோ, அபாயகரமானது எனப் பட்டியலிடப்படாத குடும்பத் தொழிலுக்கோ உதவ இடமளிக்கிறது. பெற்றோரின் உடன்பிறந்தாரையும் குடும்பம் என்ற வரையறைக்குள் சேர்க்கிறது. நாட்டின் சமூக அமைப்பையும், பெற்றோருக்கு உதவும்போதே பிள்ளைகள் தொழிலின் அடிப்படைகளைக் கற்பதையும் மத்திய அரசு அதற்குக் காரணமாகக் காட்டியது. 1953இன் வாதம் அறுபது ஆண்டுகளுக்குப் பின் சட்டமாகத் திரும்பியது என்று சொன்னால் மிகையாகாது. கைவினைஞருக்காக மத்திய அரசு 2023 செப்டம்பரில் தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் துணி நெசவு இல்லை. ஆயினும் விண்ணப்பிப்போரின் குடும்பம் வழிவழியாக அத்தொழிலில் இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை எதிர்த்து, அன்றைய வடிவில் அதைச் செயல்படுத்த இயலாது என்று தமிழக அரசு 2024இல் அறிவித்தபோது, குலக்கல்வி என்ற பழைய பெயரே மீண்டும் ஒலித்தது.

இந்த நீண்ட வழக்கில் பெற்றோரின் தீர்ப்பு என்ன என்பதை அரசியலாளர் எவரும் பொறுமையாகக் கேட்டதில்லை. எண்கள் ஓரளவு சொல்கின்றன. நாட்டில் கைத்தறி நெசவிலும் அதன் துணைவேலைகளிலும் இருந்தோர் 1995-96 கணக்கெடுப்பில் சுமார் 65 லட்சம்; 2009-10இல் 43 லட்சம்; 2019-20இல் 35 லட்சம். விசைத்தறியும் சந்தைச் சரிவும் இதற்குப் பெரிய காரணங்கள் என்றாலும், நெசவாளர் தம் பிள்ளைகளைத் தறியில் அமர்த்த மறுத்ததும் ஒரு காரணமாகும். ஆரணியின் தறிவீடுகளிலும் பெற்றோர் அதிகாரம் மறைந்துவிடவில்லை. பிள்ளை எதைப் படிக்க வேண்டும், யாரை மணக்க வேண்டும் என்பவற்றில் தந்தையின் சொல் இன்னும் கனமானதே. தறியில் மட்டும் அந்தச் சொல் திசை மாறியிருக்கிறது: முன்பு பிள்ளையைக் குழிக்குள் இறக்கிய அதே ஆணை இன்று அவனைக் குழியிலிருந்து வெளியே அனுப்புகிறது. தந்தைக்கே உரிமை என்று வாதிட்ட மரபு பேணுவோர், தந்தை இவ்வாறு தீர்மானிப்பதையும் அதே உரிமையின் பயனாக ஏற்க வேண்டியவராகின்றனர்.