ஜீனோ மீண்டும் திரைக்கு வருமா? சுஜாதாவின் அறிவியல் நாவல்களும் ரசிகர்களின் எதிர்பார்ப்பும்

தமிழில் அறிவியல் புனைகதை என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருபவர் சுஜாதா. அவருடைய நாவல்களைப் படித்து வளர்ந்தவர்கள் ஒன்றுகூடினால், பேச்சு பெரும்பாலும் ஒரே கேள்வியில் வந்து நிற்கும். இவற்றுள் எதைப் படமாக எடுக்கலாம்?

எஸ்.ரங்கராஜன் என்ற இயற்பெயர் கொண்ட சுஜாதா 1935இல் பிறந்தார், ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தார். மனைவியின் பெயரையே புனைபெயராகக் கொண்டார். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றியபோது, இந்தியாவின் மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்காற்றினார். 2008 பிப்ரவரி 27இல் காலமானார்.

இயந்திர நாயின் கதை

ரசிகர்கள் அதிகம் கேட்பது ‘என் இனிய இயந்திரா’வைத்தான். 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த இந்தக் கதை, 2021, 2022 காலகட்டத்தில் நடப்பதாக எழுதப்பட்டது. நாட்டை ஆள்பவர் ஜீவா. மக்களுக்குச் சுருக்கமான பெயர்கள்தாம். குழந்தை பெற அரசு அனுமதி வேண்டும். முதியவர்களின் ஆயுளையும் அரசே முடிவு செய்யும். நிலா என்ற பெண்ணின் கணவன் சிபி காணாமல் போகிறான். அவளுக்குத் துணையாக நிற்பது ஜீனோ என்னும் இயந்திர நாய். புத்தகம் படிக்கவும் சொந்தமாகச் சிந்திக்கவும் தொடங்கும் ஜீனோதான் கதையின் உயிர். கதை ‘மீண்டும் ஜீனோ’வில் தொடர்கிறது.

தூர்தர்ஷனில் இது தொலைக்காட்சித் தொடராக வந்தது. ஆயினும் இன்றைய கணினி வரைகலையில் ஜீனோவைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை ரசிகர்களுக்குத் தீரவில்லை.

திரையில் முன் அனுபவம்

சுஜாதாவுக்குத் திரையுலகம் புதிதல்ல. அவருடைய ‘ப்ரியா’ 1978இல் ரஜினிகாந்த், ஸ்ரீதேவி நடிப்பில் படமானது. நாவலில் கதை நடப்பது லண்டனில். படத்துக்காக அது சிங்கப்பூருக்கு இடம் மாறியது. இங்குள்ள மூத்த ரசிகர்களுக்கு அந்தப் படம் இன்றும் தனி நினைவு. ஆனால் நாவலை நேசித்தவர்கள், எழுத்து திரைக்குப் போகும்போது எவ்வளவு மாறும் என்பதற்கும் அதையே உதாரணம் காட்டுவார்கள்.

1986இல் கமல்ஹாசன் நடித்த ‘விக்ரம்’ படத்தில் கடத்தப்படும் ஏவுகணையின் பெயர் அக்னிபுத்ரா. இந்தியா உண்மையான அக்னி ஏவுகணையை முதன்முதலில் சோதித்தது 1989இல்தான். ‘எந்திரன்’ படத்தின் வசனத்திலும் சுஜாதாவுக்குப் பங்கு உண்டு. 2010இல் அது வெளிவந்தபோது அவர் உயிருடன் இல்லை. அப்படத்தின் வெற்றி, இயந்திர மனிதன் கதையைத் தமிழ் மக்கள் ஏற்பார்கள் என்பதைக் காட்டியது.

எதை இழக்கக் கூடாது?

ஜீனோவைப் படமாக்குவதில் இரண்டு சிக்கல்கள் உள்ளன. முதலாவது, கதை நடக்கும் ஆண்டு கடந்துவிட்டது. ஆண்டை மாற்றிக்கொள்ளலாம் என்பார் சிலர். மாற்றத் தேவையே இல்லை, நடக்காமல் போன ஓர் எதிர்காலமாகவே காட்டலாம் என்பார் வேறு சிலர்.

இரண்டாவது சிக்கல்தான் பெரிது. சுஜாதாவின் பலம் அவர் நடையில் இருக்கிறது. குறும்பான ஒரு வரியில் பெரிய பயத்தைச் சொல்லிவிடுவார். ஜீனோவைச் செல்லப் பிராணியாக மட்டும் காட்டினால் குழந்தைகள் சிரிப்பார்கள். ஆனால் பிறப்பையும் இறப்பையும் ஓர் ஆட்சி தீர்மானிக்கும் கொடுமை காணாமல் போய்விடும். அது போனால் நாவலே போன மாதிரிதான். எனவே இரண்டரை மணி நேரப் படத்தைவிட, வாரந்தோறும் வந்த கதைக்கு அத்தியாயங்களாக நகரும் இணையத் தொடரே பொருந்தும் என்ற வாதம் வலுவானது.

மற்ற நாவல்கள்

கணினிப் பொறியாளர் ஒருவர் தனித் தீவுக்குக் கடத்தப்படும் ‘சொர்க்கத் தீவு’, மனித மனத்தைக் கணினிக்குள் கொண்டுபோக முடியுமா என்று கேட்கும் ‘பேசும் பொம்மைகள்’ ஆகியவையும் பேச்சில் அடிபடும். குறைந்த செலவில் எடுக்கக்கூடியது ‘கொலையுதிர் காலம்’. நடப்பது ஆவியின் வேலையா, அறிவியலா என்று கணேஷும் வசந்தும் துப்புத் துலக்கும் கதை இது; பெரிய வரைகலை தேவைப்படாது.

படம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. புதிதாகப் படிப்பவர்கள் ‘என் இனிய இயந்திரா’வை முதலிலும் ‘மீண்டும் ஜீனோ’வை அடுத்தும் படிப்பது நல்லது. முதலாவது முடியும் இடத்திலிருந்துதான் இரண்டாவது தொடங்குகிறது.