நிறம் சொல்லும் சாட்சி

1923ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் சிறுதானிய இனவிருத்தி நிலையம் தோன்றியது. அங்கே ஜி. என். ரங்கசாமி அய்யங்காரும் அவருடைய துணைவர்களும், கேழ்வரகிலும் சோளத்திலும் காணும் நிறங்கள் தலைமுறைதோறும் எவ்வாறு இறங்குகின்றன என்று செடி செடியாக எண்ணிக் குறித்தனர். தண்டு ஊதாவானால் என்ன, பச்சையானால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். கண்ணுக்குப் புலப்படாத மரபின் போக்கைக் கண்ணுக்குக் காட்டும் அடையாளம் நிறம்.

இக்கணக்குமுறையை உலகுக்குத் தந்தவர், பட்டாணிச் செடிகளை ஆராய்ந்து 1866இல் முடிவுகளை வெளியிட்ட மெண்டல். ஆனால் பட்டாணியிலும் கேழ்வரகிலும் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் ஒரே பூவில் உள்ளன. ஆண், பெண் என்னும் வேற்றுமையோடு பிணைந்து இறங்கும் பண்பை அவற்றில் காண இயலாது. அதைக் காட்டியது ஒரு சிற்றுயிர்.

1910இல் நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில், தாமஸ் ஹன்ட் மார்கன் வளர்த்த செங்கண் பழ ஈக்களிடையே வெண்கண் ஆண் ஈ ஒன்று தோன்றிற்று. அதனைச் செங்கண் பெண் ஈயோடு சேர்த்தபோது, பிறந்தவை ஏறக்குறைய யாவும் செங்கண் பெற்றிருந்தன. அடுத்த தலைமுறையில் வெண்கண் மீண்டது. ஆனால் ஆண் ஈக்களிடம் மட்டுமே. காரணம் யாது? பெண்ணுக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு. ஆணுக்கோ தாய் தந்த ஒன்றுதான். பெண்ணிடம் ஒன்றில் குறை இருப்பினும் மற்றது அதனை மறைத்துவிடும். ஆணிடம் மறைப்பதற்கு மற்றொன்று இல்லை.

மனிதரிடம் சிவப்பு, பச்சை வேறுபாடு அறியாத நிறக்குருடும் இவ்வழியே இறங்குகிறது. அமெரிக்க அறிஞர் வில்சன் 1911இலேயே அதனை எக்ஸ் குரோமோசோமோடு தொடர்புபடுத்தினார். இதை நான் வகுப்பில் பன்முறை கற்பித்திருக்கிறேன். ஆயினும், நிலப்படத்தில் காடுகளுக்குப் பச்சை தீட்டச் சொன்னபோது செம்பழுப்பைத் தீட்டிய மாணவன் ஒருவனை, கவனமில்லாதவன் என்று கடிந்து பெஞ்சின்மேல் நிறுத்தினேன். மறுநாள் அவன் தாய் வந்தார். "எங்கய்யனுக்கும் இப்படித்தானுங்க சார். செடியில பழுத்த மொளகா எது, காய் எதுன்னு தெரியாதுங்க" என்றார்.

பாட்டனின் குறை தாயிடம் மறைந்திருந்து பேரனிடம் வெளிப்பட்டிருந்தது. நான் கரும்பலகையில் எழுதிய பாடமே என் முன் நின்றது. அதை நான் அறிந்துகொள்ளவில்லை. அம்மாணவனிடம் என் வருத்தத்தைத் தெரிவித்தேன். அன்றுமுதல் வண்ணப் பென்சில் ஒவ்வொன்றின் மேலும் அதன் நிறத்தின் பெயரை எழுதி ஒட்டச் செய்தேன்.

ஒருவன் தவறுவதைக் கண்டால், தண்டிக்குமுன் காரணத்தைத் தேடுங்கள். செடிகளை எண்ணியவர்களும் ஈக்களை எண்ணியவர்களும் நமக்குக் கற்பித்த பொறுமை அதுவே.