நூறு நாள் கெடுவும் சிவப்பு அட்டையும்

மலேசியாவின் பேராக் ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் இருக்கிறது பாகான் டத்தோ. தென்னைக்குப் பேர்போன வட்டாரம். உத்தான் மெலிந்தாங், சுங்கை சுமுன், ருங்குப் என்று உள்ளே போகப் போகச் செம்பனைத் தோட்டங்கள் நீளும். டென்மார்க்கைச் சேர்ந்த ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் 1906-இல் ஜெண்டராட்டா ரப்பர் கம்பெனியைத் தொடங்கியது இந்தப் பக்கத்தில்தான். பால்மரம் வெட்டவும் காடு திருத்தவும் தமிழகத்திலிருந்து வந்தவர்களின் கொள்ளுப் பேரப்பிள்ளைகள் இன்றும் இங்கேதான் வாழ்கிறார்கள். தொகுதி வாக்காளர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இந்தியர்.

1995 முதல் இந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் தேசிய முன்னணியைச் சேர்ந்த அகமட் சாஹிட் ஹமிடி. 2013 முதல் 2018 வரை உள்துறை அமைச்சராகவும் இருந்தார். பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, குடியுரிமை எல்லாவற்றையும் கவனிக்கும் தேசியப் பதிவுத் துறை அந்த அமைச்சின் கீழ்தான் வருகிறது. நாடற்ற இந்தியர்களின் மனுக்கள் யாருடைய அமைச்சில் காத்திருந்தனவோ, அவரிடமே தோட்டப்புற வாக்காளர்கள் தங்கள் குறையையும் சொல்ல வேண்டியிருந்தது.

அந்தக் குறை மிகப் பழையது. 1957-இல் சுதந்திரம் வந்தபோது, அதற்குப் பிறகு இந்த மண்ணில் பிறந்தவர்களுக்குக் குடியுரிமை தானாகக் கிடைத்தது. முன்பே பிறந்தவர்களில் பலர் மனுப் போட வேண்டியிருந்தது. விடியற்காலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, பொழுது சாயும்வரை உழைத்த தொழிலாளிக்குப் பட்டணத்து அலுவலகத்தில் வரிசை பிடிக்க நேரம் ஏது? எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் பாரம் நிரப்பித் தரவும் ஆள் கிடைப்பது அரிது. 1962 அக்டோபரில் சட்டம் இறுகியது. பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தர வசிப்பிடம் பெற்றவராகவோ இருந்தால்தான் பொதுவாகப் பிள்ளைக்குக் குடியுரிமை என்றானது.

1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் எடுக்க வேண்டிய கட்டாயம் வந்தது. ஏறத்தாழ 60,000 இந்தியர்கள் கப்பலேறி ஊர் திரும்பினார்கள். போக மனமில்லாமல் தங்கியவர்களில் பலருடைய கையில் மிஞ்சியது சிவப்பு அடையாள அட்டை. நிரந்தரமாகக் குடியிருக்கலாம், ஆனால் வாக்கு இல்லை. அந்தச் சிவப்பு அட்டைகூட இல்லாதவர்களும் இருந்தார்கள். வீட்டிலேயே பிறந்து பதிவாகாத பிள்ளைகள், கோயிலில் தாலி கட்டியும் 1982-இல் நடப்புக்கு வந்த திருமணச் சட்டப்படி பதிவு செய்யாத பெற்றோரின் பிள்ளைகள் என்று அந்த வரிசை நீண்டது.

2007 நவம்பர் 25-இல் கோலாலம்பூர்த் தெருக்களில் இந்தியர் உரிமைக்கான ஹிண்ட்ராப் இயக்கத்தின் பேரணி திரண்டபோது இந்தக் கோபமும் அதில் கலந்திருந்தது. மறு ஆண்டுத் தேர்தலில் பேராக் மாநில ஆட்சி எதிர்க்கட்சிகளின் கைக்கு மாறியது. உத்தான் மெலிந்தாங் சட்டமன்றத் தொகுதியைக் கெஅடிலான் கட்சியின் கேசவன் சுப்பிரமணியம் கைப்பற்றினார். ஆனால் நிஜார் ஜமாலுடின் தலைமையிலான அந்த ஆட்சி 11 மாதம்கூட முழுதாக நிற்கவில்லை. 2009 பிப்ரவரியில் மூன்று சட்டமன்ற உறுப்பினர்கள் விலகியதும் கவிழ்ந்தது. எதிர்பார்த்தது கிடைக்குமா கிடைக்காதா என்று தெரிந்துகொள்ளக்கூட மக்களுக்கு அவகாசம் இருக்கவில்லை.

2013 ஏப்ரல் 18-இல், தேர்தலுக்கு மூன்று வாரம்கூட இல்லாத நிலையில், ஹிண்ட்ராப் தலைவர் வேதமூர்த்தி ஆளும் தேசிய முன்னணியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டார்; தேர்தலுக்குப் பிறகு துணையமைச்சரானார். ஒப்புக்கொண்டது எதுவும் நகரவில்லை என்று சொல்லி, மறு ஆண்டு பிப்ரவரியில் பதவி விலகினார்.

இத்தனைக்கும் பிறகுதான் 2018-இல், கெஅடிலான் இடம்பெற்ற எதிர்க்கட்சிகளின் நம்பிக்கைக் கூட்டணியின் தேர்தல் அறிக்கை வந்தது. நாடற்ற இந்தியர் பிரச்சினைக்கு நூறு நாளில் தீர்வு என்றது அது. பாதிக்கப்பட்டவர்கள் மூன்று லட்சம் பேர் என்று அந்தக் கூட்டணித் தலைவர்களில் சிலர் மேடைகளில் சொல்லி வந்தார்கள். அரசின் கணக்கு அதைவிட மிகக் குறைவு. எந்தக் கணக்கு சரியென்று முதலில் தெளிவாக வேண்டாமா? மனு, பத்திரம், சாட்சி, தேசிய மொழித் தேர்வு, நேர்காணல் என்று ஒவ்வொருவராகப் பார்க்க வேண்டிய வேலைக்கு நூறு நாள் கெடு வைத்தவர்கள், அதை எப்படி முடிப்போம் என்று மக்களுக்குச் சொல்லவில்லை.

மே மாதம் ஆட்சி மாறியது. ஜூன் முதல் தேதி பொருள் சேவை வரி சுழியமானது. அதை ஒரே உத்தரவில் செய்துவிட முடிந்தது. குடியுரிமைக்கு அப்படி வழியில்லை. ஆகஸ்டில், 60 வயதைத் தாண்டிய சிவப்பு அட்டைக்காரர்கள் 3,407 பேருக்குக் குடியுரிமை என்று அறிவிப்பு வந்தது. உழைத்து ஓய்ந்த முதியவர்களுக்கு அது உண்மையான ஆறுதல். ஆனால் அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்? அதே வேளையில், வெல்வோம் என்று எதிர்பார்க்காமல் எழுதிய அறிக்கை அது என்று பிரதமர் மகாதீர் சொன்னது, ஓட்டுப் போட்டவர்களின் நெஞ்சைத் தைத்தது.

ஆதரவாளர்களுக்கு அவசரம் என்று சிலர் குறை சொன்னார்கள். அறுபது ஆண்டு பொறுத்தவர்களைப் பார்த்துச் சொல்லத் தகாத சொல் அது. நூறு நாள் கெடுவை விதித்தவர்கள் மக்கள் அல்ல, தலைவர்கள். அந்த ஆட்சியும் 22 மாதத்தில், 2020 பிப்ரவரியில் கவிழ்ந்தது.

2022 நவம்பர் தேர்தலில் பாகான் டத்தோ நாட்டின் கவனத்தை ஈர்த்தது. கெஅடிலான் வேட்பாளர் சம்சுல் இஸ்கண்டாரைச் சாஹிட் வெறும் 348 வாக்குகளில் வென்றார். தோட்டம் தோட்டமாகச் சாஹிட்டுக்கு எதிராக வாக்குக் கேட்டவர்கள், அடுத்த இரண்டு வாரத்தில் அவர், தங்கள் தலைவரும் புதிய பிரதமருமான அன்வார் இப்ராஹிமின் துணைப் பிரதமராவதைப் பார்த்தார்கள். நிலையான ஆட்சிக்காக அதை ஏற்றுக்கொண்டவர்களும் உண்டு. 2023 செப்டம்பர் 4-இல், சாஹிட் மீதான ஊழல் உள்ளிட்ட 47 குற்றச்சாட்டுகளிலிருந்து நீதிமன்றம் அவரை, விடுதலைக்கு நிகராகாத முறையில், விடுவித்தது. சீர்திருத்தம் எங்கே என்ற கேள்வி வலுத்தது. 2024 பிப்ரவரியில், தேர்தல் சீர்திருத்தம் கோரும் பெர்சே அமைப்பு நாடாளுமன்றத்துக்கு ஊர்வலம் போனது. அதில் நடந்தவர்களில் சிலர் ஒரு காலத்தில் அன்வாருக்காகவே தெருவில் நின்றவர்கள்.

2024 அக்டோபர் 17-இல் குடியுரிமை பற்றிய அரசியலமைப்புத் திருத்தம் மக்களவையில் நிறைவேறியது. வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மாருக்கு அது நெடுநாள் போராட்டத்தின் வெற்றி. அதே திருத்தத்தில், நிரந்தர வசிப்பிடம் பெற்றவரின் பிள்ளை இங்கே பிறந்தாலே குடியுரிமை பெறும் 1962-ஆம் ஆண்டு வழி எடுக்கப்பட்டது. சிவப்பு அட்டைக் குடும்பங்களின் அடுத்த தலைமுறை நம்பியிருந்த கதவு அது. குடியுரிமை வாங்கித் தருவதாகச் சொல்லி ஓட்டுக் கேட்டவர்களின் ஆட்சியில்தான் இது நடந்தது.

பாகான் டத்தோ தொகுதியின் உறுப்பினரே இன்று துணைப் பிரதமர். உத்தான் மெலிந்தாங்கில் கெஅடிலானின் வசந்தி சின்னசாமி சட்டமன்ற உறுப்பினர். இரண்டு தரப்பும் ஒரே ஒற்றுமை அரசாங்கத்தில் இருப்பதால், ஒருவர் மற்றவரைக் கைகாட்டித் தப்பிக்க முடியாது. இந்த மாவட்டத்தில் எத்தனை சிவப்பு அட்டைக்காரர்கள், எத்தனை மனு வந்தது, எத்தனை முடிந்தது, தள்ளுபடி ஆனவற்றுக்குக் காரணம் என்ன என்பதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிட அவர்களால் முடியும். அதற்கு நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை தேவையில்லை. அடுத்த தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டுத் தோட்டங்களுக்கு வருபவர்களிடம் அந்தப் பட்டியலைத்தான் முதலில் கேட்க வேண்டும்.