கட்டளையும் விளக்கமும்: ஈம் கிராமத்தின் இரு போதகர்கள்

கொள்ளைநோய்க் காலங்களில் ஆளுவோர் விதிகளைப் பிறப்பிப்பதும், மக்கள் அவற்றைச் சிறிது விளங்கியும் சிறிது விளங்காமலும் கைக்கொள்வதும் பழைய செய்தியே. லேவியராகமம் 13-ஆம் அதிகாரத்தில் நோயுற்றவனைப் பார்வையிட்டு, ஏழு நாள் அடைத்துவைத்து, மீண்டும் சோதித்துத் தீர்ப்புக் கூறும் பணி ஆசாரியனுக்கு ஒப்புவிக்கப்பட்டிருக்கக் காண்கிறோம். ஆகவே சுகாதார விதிகளுக்கும் திருப்பணியாளருக்கும் உள்ள தொடர்பு இன்று நேற்று ஏற்பட்டதன்று. இத்தொடர்பு எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதை ஆராய, பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஒரு சிற்றூர் நமக்குப் பெரிதும் உதவுகிறது.

அரசின் கட்டளைகள்

எலிசபெத் அரசியின் அரசாங்கம் 1578-இல் கொள்ளைநோய்க் கட்டளைகளை அச்சிட்டு நாடெங்கும் அனுப்பியது. நோய் கண்ட வீட்டை, உள்ளே இருக்கும் நலமுள்ளோரோடுங்கூட, ஆறு வாரங்கள் அடைத்துவைக்க வேண்டும் என்பது அவற்றுள் முதன்மையானது. 1604-ஆம் ஆண்டுச் சட்டம் இதனை மேலும் கடுமையாக்கிற்று. உடலில் நோய்ப்புண்ணோடு வெளியேறி மக்களிடையே நடமாடுவோன் மரணதண்டனைக்கு உரியவனானான். 1665-இல் லண்டன் மாநகரில் அடைக்கப்பட்ட வீடுகளின் கதவுகளில் சிவப்புச் சிலுவை வரையப்பட்டது; வாசலில் காவலர் நிறுத்தப்பட்டனர். ஆயினும் காவலரை ஏமாற்றியும், அவர்களுக்குக் கைக்கூலி கொடுத்தும் வெளியேறியோர் பலர். தங்களை நோயோடு சேர்த்துப் பூட்டிய விதியை அவர்கள் தண்டனையாகவே கண்டனர்.

இக்கட்டளைகளில் திருச்சபையைத் தொடும் பகுதியும் ஒன்று உண்டு. நோய் தொற்றாது என்றும், நோயுள்ள இடத்தைத் தவிர்ப்பது வீண் என்றும் குருமார் உள்ளிட்ட எவரும் போதித்தலாகாது என அவை தடுத்தன. அவ்வாறு போதித்தார் என்ற குற்றச்சாட்டின்பேரில் ஹெனாக் கிளாப்பம் என்னும் போதகர் 1603-இல் சிறையிலடைக்கப்பட்டார். இதற்கு வெகுகாலம் முன்னரே, 1527-இல் விட்டன்பர்க்கில் கொள்ளைநோய் பரவியபோது மார்ட்டின் லூத்தர் இக்கேள்விக்கு விடை எழுதியிருந்தார். போதகரும் அதிகாரிகளும் தம் கடமையை விட்டு ஓடலாகாது என்றார் அவர். அதேவேளையில் மருந்தையும் எச்சரிக்கையையும் அசட்டை செய்வது விசுவாசமன்று, தேவனைச் சோதிப்பதே என்றும் தெளிவுபடுத்தினார்.

இரு போதகர்கள்

டெர்பிஷயரிலுள்ள ஈம் என்னும் சுரங்கத் தொழிலாளர் கிராமத்துக்கு 1665-ஆம் ஆண்டின் கோடை இறுதியில் லண்டனிலிருந்து துணி மூட்டை ஒன்று வந்தது எனவும், அதனுடன் நோயும் வந்தது எனவும் மரபு கூறும். தையற்காரர் வீட்டில் தங்கியிருந்த ஜார்ஜ் விக்கர்ஸ் என்பவர் செப்டம்பர் 7-ஆம் நாள் அடக்கம்பண்ணப்பட்டார். குளிர்காலத்தில் தணிந்த நோய், 1666 ஜூன் மாதத்தில் மீண்டும் மூண்டது.

அப்போது அவ்வூர்க் குருவானவர் வில்லியம் மாம்பெசன், முப்பது வயதும் நிரம்பாதவர். ஊருக்கு வந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. மக்களின் மதிப்பைப் பெற்றிருந்தவரோ அவருக்கு முன் அங்கு ஊழியம் செய்த பியூரிட்டன் போதகர் தாமஸ் ஸ்டான்லி. 1662-ஆம் ஆண்டின் வழிபாட்டு ஒருமைச் சட்டத்துக்கு இணங்காத இவர், பதவியை இழந்தும் ஊரிலேயே இருந்தார். இவரைப் போன்றோர் தாம் ஊழியம் செய்த ஊருக்கு ஐந்து மைல் தொலைவுக்குள் வசிப்பதை, உரிய ஆணைப்பிரமாணம் செய்தாலன்றி, 1665-இல் இயற்றப்பட்ட மற்றொரு சட்டம் தடைசெய்தது. கொள்கையினாலும் சட்டத்தினாலும் பிரிந்திருந்த இவ்விருவரும் ஒருங்கே மக்கள்முன் வந்தனர். இளையவரின் பதவியும் மூத்தவரின் நன்மதிப்பும் ஒன்றுசேர்ந்திராவிடில் பின்வந்த தீர்மானங்கள் நிலைத்திரா எனத் துணிந்து கூறலாம்.

மூன்று தீர்மானங்கள்

முதலாவது, இறந்தோரை அவரவர் குடும்பத்தாரே தோட்டத்திலோ வயலிலோ விரைந்து புதைக்க வேண்டும். இரண்டாவது, ஆலயத்தைப் பூட்டி, குடும்பம் குடும்பமாக விலகி நின்று திறந்தவெளிப் பள்ளத்தாக்கில் ஆராதிக்க வேண்டும். மூன்றாவது, ஊரார் எவரும் எல்லையைக் கடத்தலாகாது. அண்டையூர்களுக்கு நோய் பரவாதிருக்கத் தாங்கள் உள்ளே இருப்பது என்பதே இதன் கருத்து.

இம்மூன்றாவது தீர்மானம் வெறும் சொல்லால் நிறைவேறவில்லை. சாட்ஸ்வொர்த்தில் வாழ்ந்த டெவன்ஷயர் பிரபு உணவுக்கும் மருந்துக்கும் ஏற்பாடு செய்தார். எல்லைக் கற்களில் பொருள்கள் வைக்கப்பட்டன. அவற்றுக்குரிய காசு காடியிலோ ஓடும் நீரிலோ இடப்பட்டது. ஊருக்குள் அப்பம் வந்தமையால் ஊரார் உள்ளே இருக்கக் கூடியதாயிற்று.

விலை கொடியதாயிருந்தது. எலிசபெத் ஹான்காக் என்னும் பெண்மணி அவ்வாண்டு ஆகஸ்டில் எட்டே நாள்களில் தன் கணவனையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையால் புதைத்தாள். குருவானவரின் மனைவி காத்தரின் ஆகஸ்ட் 25-இல் மரித்தார். நவம்பர் 20-ஆம் தேதியிட்ட தம் கடிதத்தில் மாம்பெசன், 76 குடும்பங்களை நோய் தாக்கியது எனவும் 259 பேர் மாண்டனர் எனவும் எழுதினார்.

ஐயங்களும் அவற்றின் பயனும்

இவ்வரலாற்றைப் புனிதர் கதையாக்கிவிடுதல் நமக்குத் தகாது. இது விரிவாக அச்சேறியது 1720-களில், ரிச்சர்ட் மீட் என்னும் மருத்துவரின் நூல்வழியாகத்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டு எழுத்தாளர் பலவற்றைக் கூட்டி அழகுபடுத்தினர் என இக்கால ஆய்வாளர் சுட்டுகின்றனர். வசதியுடைய சிலர் முன்னரே வெளியேறினர். மாம்பெசனின் பிள்ளைகளும் எல்லை மூடப்படுமுன்னரே அனுப்பப்பட்டிருந்தனர். எஞ்சி நின்றவருள் ஏழைகளே மிகுதி.

மேலும், நோயின் காரணத்தை எவரும் அறிந்திலர். கிருமி கண்டறியப்பட்டது 1894-இல். எலியிலிருந்து தெள்ளுப்பூச்சி அதைக் கடத்துகிறது என்பது 1898-இல் தெரியவந்தது. எலிகள் உள்ள வீடுகளிலேயே மக்கள் தங்கியிருந்தமை ஊருக்குள் சாவைப் பெருக்கியிருக்கவும் கூடும். ஆயின் அவர்கள் விளங்கிக்கொள்ள வேண்டியிருந்த ஒன்றை விளங்கியிருந்தனர்: தம் நடமாட்டம் பிறனுடைய சாவுக்குக் காரணமாகலாம் என்பதே அது. லண்டன் மாந்தருக்குப் பூட்டும் காவலுமாகத் தோன்றிய அதே விதி, ஈம் ஊராருக்கு அயலான்மீதுள்ள கடமையாகப் போதிக்கப்பட்டது. போதித்தவர்களும் அவர்களோடு அவ்வெல்லைக்குள்ளேயே இருந்தனர்.

நமக்குரிய பாடம்

2020 மார்ச்சில் நம் ஆலயங்களும் பூட்டப்பட்டன. விலகியிருத்தலையும் முகக்கவசத்தையும் குறித்த அறிவிப்புகளைப் பலர் பலவாறு பொருள்கொண்டனர். விசுவாசிக்கு இவை வேண்டுவதில்லை என்போரும் நம்மிடையே இருந்தனர். கிளாப்பம் காலத்துக் கேள்வி இன்னும் ஓயவில்லை என்பதற்கு இதுவே சான்று. அதே நாள்களில் கூலித் தொழிலாளர் கூட்டங்கூட்டமாகச் சொந்த ஊர்களுக்கு நடந்தே சென்றதையும் கண்டோம். அவர்கள் விதியை அறியாதவரல்லர். அதைக் கைக்கொள்ளத் தேவையான அப்பம் அவர்களிடம் இல்லை.

எனவே அரசாணையைப் பீடத்தினின்று வாசித்துவிடுவதோடு போதகரின் பணி முடிவதில்லை. விதியின் காரணத்தை மக்களின் மொழியில் விளக்கல், பட்டினியின்றி அதைக் கைக்கொள்ள வழிசெய்தல், தாமும் அதன்கீழ் அடங்கி நிற்றல் ஆகிய மூன்றும் அவர்மேல் விழுந்த கடமைகள். இவற்றோடு, வேறுபட்ட சபையாரோடு இத்தகைய வேளையில் ஒருங்கே நிற்க இயலுமா என்பதையும் நம் குருமடங்களில் ஆயத்தம் பெறும் மாணவர் நோயற்ற நாள்களிலேயே சிந்தித்து வைப்பது நலம். மாம்பெசனும் ஸ்டான்லியும் தம் கருத்து வேற்றுமையைத் தீர்த்துக்கொண்டதாகச் செய்தியில்லை. அது தீருமளவும் அவர்கள் காத்திருக்கவுமில்லை.