அலைக்குப் பின் எழுந்த பதிவேடு

மட்டக்களப்பு வாவியிலே மீன்பிடிக்கப் புறப்படுவோர், கரையிலிருந்தே வலையின் கண்களை ஆராய்ந்து, அறுந்தவற்றை முடிந்த பின்னரே தோணியேறுவர். நீரில் இறங்கிய பின் பொத்தலைத் தேடுதல் அரிதன்றோ? கணினி அறிஞர் 'அலகுச் சோதனை' என்று கூறுவதும் இத்தகையதே. அதனை எண்ணும்போது நம் நாட்டு வரலாறு ஒன்று நினைவுக்கு வருகின்றது.

2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை, ஆழிப்பேரலை எழுந்து கல்லடி, நாவலடி முதலான கரையூர்களைச் சிதைத்தது. இலங்கையில் 30,000 இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். தப்பியோர் பாடசாலைகளிலும் கோயில்களிலும் தஞ்சம் புகுந்தனர். தாய் ஒரு முகாமிலும் மகவு வேறொரு முகாமிலுமாகத் தவித்தனர்.

அவ்வேளையில் கொழும்பிலே தொண்டர்களான நிரலாளர் ஒன்றுகூடி, 'சஹானா' என்னும் இணையச் செயலியைச் சில வாரங்களில் ஆக்கினர். சிங்களத்தில் அச்சொல்லுக்கு நிவாரணம் என்பது பொருள். காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள் ஆகிய விபரங்களை அது ஒருங்கே பதிந்தது. பின்னர் 2005 இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010 இல் ஹெயிற்றியிலும் அது பயன்பட்டது.

இத்தகைய பதிவேட்டிலே சிறு பிழையும் பெருந்துயராகும். 'சிவநாதன்' என்று ஒரு முகாமிலும் 'சிவனாதன்' என்று மற்றொரு முகாமிலும் ஒரே சிறுவனின் பெயர் எழுதப்பட்டதாகக் கொள்வோம். தேடும் பகுதி இரண்டையும் பொருத்தத் தவறின், தாய்க்குக் கிடைக்கும் விடை 'இல்லை' என்பதே.

இதற்குக் காப்பு யாது? கென்ற் பெக் என்னும் அமெரிக்கர் 1990களில் சிமோல்ரோக் மொழிக்கென ஒரு சோதனைக் கருவியை வகுத்தார். 1997 இல் அவரும் எரிக் காமாவும் சூரிச்சிலிருந்து அற்லாண்டாவுக்குச் சென்ற விமானத்திலேயே ஜாவா மொழிக்குரிய 'ஜேயூனிற்' கருவியை எழுதினர். பிற மொழிகளிலும் அவ்வழி பரவிற்று. சஹானாவின் பிற்காலப் பதிப்பான 'ஈடன்' பைதன் மொழியில் அமைந்தது; அதன் நிரல்களுடனேயே அலகுச் சோதனைகளும் தனிக் கோப்புறையில் வைக்கப்பட்டன.

முறை எளிதே. முதலில், மெய்யான பதிவுகளைத் தீண்டாதவாறு சோதனைக்கெனத் தனித் தரவுத்தளம் அமைத்தல் வேண்டும். அடுத்து, விடை முன்பே தெரிந்த மாதிரிப் பெயர்களை அதில் இட்டு, தேடும் பகுதியை மாத்திரம் இயக்கி, எதிர்பார்த்த விடை வந்ததா என ஒப்பிட வேண்டும். முடிவில் அம்மாதிரிகளை அழித்துவிட வேண்டும். நிரலில் ஓர் எழுத்து மாறினும், ஒரே கட்டளையால் எல்லாச் சோதனைகளையும் மீள ஓட்டுதல் நன்று. நேற்றுச் சரியாயிருந்தது இன்று பழுதுற்றதாயின் உடனே தெரியவரும்.

எனினும், உறுப்புகள் தனித்தனியே தேறினமையால் முழுமையும் தேறிற்று என்று கொள்ளலாகாது. அவை கூடி இயங்குவதையும் சோதித்தல் வேண்டும்.

பரீட்சையை மாணவருக்குரியதாகவே எண்ணிப் பழகியவன் நான். எனினும், பெயர் தேடி வரும் தாய்க்குப் பதிலுரைக்கும் கருவி, அவள் வருவதற்கு முன்னரே பரீட்சையில் தேறியிருத்தல் வேண்டும் அல்லவா?